7 கிலோவில் எட்டு நாள்: திருச்சி, சிங்கப்பூர், கோலாலம்பூர் கைப்பை கட்டிய பதிவு

பயணம் இதுதான். திருச்சியிலிருந்து ஸ்கூட் விமானத்தில் சிங்கப்பூர், அங்கே நான்கு இரவு. பஸ்ஸில் கோலாலம்பூர், அங்கே மூன்று இரவு. பிறகு ஏர் ஏசியாவில் திரும்பவும் திருச்சி. செக்-இன் லக்கேஜ் கிடையாது. தோளில் மாட்டும் ஒரே பையில் எல்லாம் அடங்க வேண்டும், திரும்பும்போது வாங்கிவரும் சாமானும் சேர்த்து.

முதலில் விதி. ஸ்கூட் எகானமியில் கையோடு 10 கிலோ கொண்டுபோகலாம். ஏர் ஏசியாவில் 7 கிலோதான், அதுவும் பெரிய பை, சின்னப் பை இரண்டையும் சேர்த்து. போகும்போது பத்து கிலோவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் வரும்போது கோலாலம்பூர் கேட்டில் மூன்று கிலோவுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு பயணத்தில் எத்தனை விமானம் இருந்தாலும் அதில் எது மிகக் கறாரானதோ அதற்குத்தான் பை கட்ட வேண்டும். அளவிலும் அப்படியே. ஏர் ஏசியா 56 x 36 x 23 செ.மீ., ஸ்கூட் 54 x 38 x 23. இரண்டிலும் சிறியதை எடுத்தால் 54 x 36 x 23. சென்னையிலிருந்து இண்டிகோவில் இணைப்பு விமானம் இருந்தால் அகலம் இன்னும் ஒரு செ.மீ. குறையும், அங்கே 55 x 35 x 25. இந்த எண்களை நிறுவனங்கள் அவ்வப்போது மாற்றுகின்றன. டிக்கெட் போடும் அன்றும், கிளம்பும் முன்தினமும் ஒருமுறை அவர்கள் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் 'ஒரே பையில் உலகம்' வகைக் குறிப்புகளில் பாதி அமெரிக்காவில் எழுதப்பட்டவை. அங்கே பெரிய நிறுவனங்கள் 22 x 14 x 9 அங்குலம் என்று அளவு மட்டும்தான் சொல்கின்றன. எடை பார்ப்பது அபூர்வம். அதனால் அவர்களுக்கு இடம்தான் கவலை. துணியை அமுக்கும் பை, காற்றை உறிஞ்சும் பை, சுருட்டி அடுக்கும் முறை எல்லாம் அந்தக் கவலைக்குப் பிறந்தவை. நமக்கு இடம் ஒரு பிரச்சினையே இல்லை. 54 x 36 x 23 என்றால் 44 லிட்டருக்கு மேல். அதில் பாதியை நிரப்புவதற்குள் 7 கிலோ வந்துவிடும். துணியை அமுக்கினால் பருமன் குறையும், ஒரு கிராம்கூடக் குறையாது. காலியான இடத்தைப் பார்த்ததும் கை இன்னும் இரண்டு சட்டையை எடுத்துவைக்கும், அதுதான் நடக்கும். ஆகவே இந்தப் பதிவு முழுக்கக் கிராம் கணக்கு.

எடை பார்ப்பது

இரண்டு தராசு வேண்டும். சமையலறை மின்தராசு, ஒரு கிராம் துல்லியம், 5 கிலோ வரை பார்க்கும். தனித்தனிச் சாமானுக்கு அது. முழுப் பைக்குக் கொக்கியில் மாட்டித் தூக்கும் லக்கேஜ் தராசு. அந்தக் கொக்கித் தராசை வாங்கிய நிலையில் நம்பக் கூடாது. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் மூன்றை நிரப்பி ஒரு துணிப்பையில் போட்டுத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் 6 கிலோ, பாட்டிலும் பையும் 200 கிராமுக்குள். காட்டும் எண் 6.1, 6.2 பக்கத்தில் இருந்தால் சரி. 100 கிராம் தள்ளிக் காட்டினால் அந்தத் தள்ளலைத் தராசின் முதுகில் மார்க்கரால் எழுதிவையுங்கள். தூக்கும்போது கை ஆடினால் எண்ணும் ஆடும். முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்து, எண் நின்று 'பீப்' வரும்வரை பொறுக்க வேண்டும்.

ஆள் ஏறி நிற்கும் தராசில் பையோடு ஒருமுறை, பையில்லாமல் ஒருமுறை ஏறிக் கழித்துப் பார்ப்பதும் உண்டு. அவசரத்துக்குச் சரி. ஆனால் அந்தத் தராசுகள் நூறு கிராம் கணக்கில் காட்டுபவை, இரண்டு அளவைக் கழிக்கும்போது பிழையும் சேரும். விமான நிலையத் தராசோடு மல்லுக்கு நிற்க முடியாது. வீட்டில் 6.7-ஐத் தாண்டவிடாமல் நிறுத்திக்கொள்வது நல்லது.

அளவு பார்க்க ஒரு பெட்டி செய்துவிடலாம். மளிகைக் கடையில் கிடைக்கும் தடித்த அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி, உள்ளளவு 54 x 36 x 23 வருமாறு மேல் மூடியில்லாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். கட்டி முடித்த பையை அதில் விட்டால் தன் எடையிலேயே இறங்க வேண்டும், முழங்காலை வைத்து அமுக்கக் கூடாது. பெரும்பாலும் இடிப்பது நீளமோ அகலமோ அல்ல, கனப்பக்கம்தான். முன் பாக்கெட்டில் சார்ஜரும் முறுக்குப் பொட்டலமும் போட்டதும் 23 செ.மீ. 27 ஆகிவிடும். சக்கரப் பெட்டி என்றால் சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்து அளக்க வேண்டும். கடையில் '55 செ.மீ. கேபின்' என்று ஒட்டியிருப்பது சில பெட்டிகளில் சக்கரம் சேராத உடம்பின் உயரம். கையில் அளவு டேப் இல்லாமல் வாங்காதீர்கள்.

பை

சக்கரம் வைத்த கேபின் பெட்டி காலியாகவே இரண்டரை முதல் மூன்று கிலோ. 2.7 கிலோ பெட்டி என்று வைத்தால், 7 கிலோவில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் காற்றுக்கும் பிளாஸ்டிக்குக்கும் போய்விடுகிறது. இங்கே எடுத்துக்கொண்டது 32 லிட்டர் முதுகுப்பை, 950 கிராம். அந்த ஒரு மாற்றத்தில் கிடைக்கும் 1.75 கிலோ, பையில் போடும் மொத்தத் துணியின் எடையை விட அதிகம். மற்ற எந்தச் சிக்கனமும் இதன் பக்கத்தில்கூட வராது. முதுகுவலி உள்ளவர்கள், மூட்டு தேய்ந்தவர்கள் சக்கரத்தை விட வேண்டாம். துணிப்பெட்டி வகையில் இரண்டு கிலோவுக்குள் இரண்டு சக்கரம் வைத்தது கிடைக்கிறது, நான்கு சக்கரம் வைத்ததைவிட அது இலேசு.

முதுகுப்பையில் பார்க்க வேண்டியவை: பெட்டி மாதிரி மூன்று பக்கமும் ஜிப் திறக்க வேண்டும், மேல்வாய் மட்டும் திறக்கும் மலையேற்றப் பை பாதுகாப்புச் சோதனையில் தொல்லை. இடுப்புப் பட்டை கழற்றக்கூடியதா என்று பாருங்கள். 5 கிலோ சுமைக்கு அது தேவையில்லை, கழற்றினால் நூறு கிராமுக்கு மேல் மிச்சமாகும். மழையுறை தனியாக வைத்திருந்தால் அதையும் வீட்டிலேயே விடலாம், ஒரு பெரிய பாலிதீன் பையை உள்ளே விரித்து அதற்குள் துணியை வைப்பது அதைவிடப் பலமான காப்பு.

உள்ளே அடுக்கும் ஜிப் உறைகளைக் கடையில் வாங்கினால் ஒவ்வொன்றும் 70 முதல் 120 கிராம். நான்கு வைத்தால் ஒரு பேண்ட்டின் எடை. அதற்குப் பதில் பழைய நைலான் கொசுவலையில் தைத்துக்கொள்ளலாம். 36 செ.மீ. அகலம், 84 செ.மீ. நீளத் துண்டு ஒன்று. நடுவில் மடித்தால் 36 x 42. இரு பக்கமும் ஒரு செ.மீ. உள்ளே விட்டு இரட்டைத் தையல். வாய்ப்பக்கம் 3 செ.மீ. மடித்துத் தைத்து அதற்குள் நாடா. முடிந்த அளவு 34 x 39, எடை இருபது கிராம் சுற்றி. வலை என்பதால் உள்ளே இருப்பது தெரியும், ஈரத் துணியைப் போட்டாலும் நாற்றம் கட்டாது. ஒற்றைத் தையல் போட்டால் வலையின் ஓரம் பிரிந்து வந்துவிடும், அதனால் ஓரத்தில் பழைய வேட்டிக்கரையை வைத்துச் சேர்த்துத் தைப்பது உத்தமம். துணிக்கு ஒன்று, அழுக்குக்கு ஒன்று, போதும்.

துணி

சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் குளிர்காலம் கிடையாது. வெயில், புழுக்கம், மாலையில் திடீர் மழை. மால், ரயில், பஸ்ஸுக்குள் நடுங்க வைக்கும் ஏ.சி. இதற்கு வேண்டியது ஈரம் சீக்கிரம் காயும் மெல்லிய துணியும், ஏ.சி.க்கு மேலே போட ஒரு முழுக்கைச் சட்டையும்தான். நீண்ட தூர பஸ்ஸுக்கு அந்த முழுக்கை கட்டாயம்.

உடம்பில் போட்டுக்கொள்வது: ஷூ, இருப்பதில் கனமான பேண்ட், முழுக்கைச் சட்டை. பையில் வைப்பது: பாலியஸ்டர் டீ-ஷர்ட் 2 (280 கிராம்), அரைக்கைச் சட்டை 1 (190), மெல்லிய நைலான் பேண்ட் 1 (300), அரைக்கால் டவுசர் 1 (160), கைலி 1 (220), உள்ளாடை 3 (180), சாக்ஸ் 2 ஜோடி (60), ஈரிழைத் துண்டு 1 (130). கூட்டினால் 1,520 கிராம்.

ஜீன்ஸ் வேண்டாம். ஒரு ஜீன்ஸ் 650 முதல் 750 கிராம். நனைந்தால் அந்தப் புழுக்கத்தில் இரண்டு நாளானாலும் இடுப்புப் பட்டை ஈரமாகவே இருக்கும். போட்டுக்கொண்டுதான் போவேன் என்பவர்களுக்கும் அதே பதில். மழையில் ஒருமுறை நனைந்தால் மாற்றுப் பேண்ட் ஒன்றை வைத்து மீதி நாளை ஓட்ட வேண்டியிருக்கும்.

ஈரிழைத் துண்டை வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஹோட்டலில் துண்டு தருவார்கள், சரி. ஆனால் துணி துவைத்துப் பிழிய, பஸ்ஸில் போர்த்த, கழுத்தில் வியர்வை துடைக்க ஒன்று வேண்டும். பூந்துவாலை 400 கிராமுக்கு மேல், காயவும் காயாது. நம் ஈரிழை 130 கிராம், ஃபேன் காற்றில் காய்ந்துவிடும். கைலியும் இதே வகை: இரவு உடை, போர்வை, தங்கும் விடுதியில் படுக்கைக்குத் திரை. டவுசருக்கும் கைலிக்கும் இடையே ஒன்றுதான் என்றால் டவுசரை விட்டுவிடலாம்; கோலாலம்பூர் பத்து மலை முருகன் கோயிலுக்கும் சிங்கப்பூர் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் முழங்கால் மூடிய உடைதான் சரி. பத்து மலையில் பெண்கள் அரைக்கால் உடையில் வந்தால் அடிவாரத்திலேயே நிறுத்தி, மேலே சுற்றிக்கொள்ளச் சொல்வார்கள். 272 படி ஏறி இறங்கும்போது ஈரத்தில் வழுக்காத அடிப்பாகம் உள்ள காலணி வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோயில் வாசலில் ஷூவைக் கழற்றி மாட்டுவது சலிப்பு, அதற்காக 280 கிராம் ரப்பர் செருப்பு பையில் இருக்கிறது. பின்பட்டை வைத்த நல்ல சாண்டல் ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு போனால் ஷூ, செருப்பு, சாக்ஸ் மூன்றையும் விடலாம். ஆபீஸ் வேலை இல்லாத பயணத்துக்கு அதுவே மேல்.

பெண்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். குர்த்தி ஒன்று 200 முதல் 250, லெக்கிங்ஸ் 200. மூன்று குர்த்தி, இரண்டு லெக்கிங்ஸ், ஒரு மெல்லிய துப்பட்டா என்றால் ஆண்களின் அளவிலேயே நிற்கும். புடவைதான் எடையைக் கூட்டுகிறது. பருத்திப் புடவை 450, ரவிக்கை 120, பருத்தி உள்பாவாடை 220, ஆக ஓர் உடுப்பு 790 கிராம். சாட்டின் உள்பாவாடை ஒன்றை எல்லாப் புடவைக்கும் பொதுவாக வைத்தால் குறையும். அங்கே கல்யாணம், வளைகாப்பு என்று போகிறவர்களுக்குப் பட்டு இல்லாமல் தீராது, ரவிக்கையோடு ஒரு கிலோவை அதற்கென்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பட்டைச் சுருட்டக் கூடாது, சரிகை உடையும். பழைய வேட்டித் துண்டில் சுற்றி, பையின் முதுகுப்பக்கம் தட்டையாக வைப்பதுதான் முறை.

துவைத்தல்

நான்கு மேலுடையில் எட்டு நாள் ஓட்ட வேண்டும் என்றால் இரண்டு இரவுக்கு ஒருமுறை துவைக்க வேண்டும். நம் ஊர் வாளியும் கப்பும் அங்கே குளியலறையில் இருக்காது. கைகழுவும் தொட்டியில் அடைப்பானும் பல இடத்தில் இருக்காது. ஐந்து லிட்டர் ஜிப் பை ஒன்று எடுத்துப்போனால் அதுதான் வாளி. இரண்டு டீ-ஷர்ட், ஒரு லிட்டர் தண்ணீர், சோப்புத் தேய்த்த துணி, காற்றை வெளியேற்றி மூடி, மூன்று நிமிடம் பிசைதல். பிறகு குழாயடியில் அலசல்.

துணி சோப்பு கட்டியாக 60 கிராம். தூள் வேண்டாம், திரவமும் வேண்டாம். தூளை ஜிப் பையில் கட்டிக்கொண்டு போனால் ஸ்கேனரில் கேள்வி வரும். திரவம், கைப்பையில் திரவத்துக்கென்று விடும் ஒரு லிட்டர் ஒதுக்கீட்டைத் தின்றுவிடும்.

காய வைப்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். முறுக்கிப் பிழிந்து குளியலறைக் கம்பியில் போட்டால் காலையில் அப்படியே இருக்கும். குளித்த நீராவியில் அந்தக் காற்றே ஈரம் குடித்து நிற்கிறது, துணியிலிருந்து எங்கே வாங்கும்? செய்ய வேண்டியது: அலசிய டீ-ஷர்ட்டைக் காய்ந்த ஈரிழைத் துண்டின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்து இறுக்கமாகச் சுருட்டி, சுருளின் மேல் ஏறி நின்று மிதியுங்கள். ஒட்டியிருந்த தண்ணீரில் பெரும்பகுதி துண்டுக்குப் போய்விடும். பிறகு அறைக்குள், ஏ.சி. காற்று படும் இடத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். ஏ.சி. காற்றிலிருந்து ஈரத்தைப் பிடித்துக் குழாய் வழியே வெளியே விடுகிறது, அதனால் பாலியஸ்டர் காலைக்குள் காய்ந்துவிடும். தடித்த பருத்தி டீ-ஷர்ட்டுக்கு மறுநாள் மதியம் ஆகும். சாவி அட்டையைச் செருகினால்தான் மின்சாரம் என்ற அறைகளில் வெளியே போனதும் ஏ.சி. நின்றுவிடும், ஆகையால் காலையில் துவைத்துவிட்டு ஊர் சுற்றப் போவது வீண். இரவு சாப்பிட்டு வந்ததும் துவைப்பதே கணக்கு. கயிற்றுக்கு 3 மீட்டர் நைலான், நான்கைந்து ஊக்கு, மொத்தம் 40 கிராம்.

திரவம்

100 மில்லிக்கு மேற்படாத குப்பிகள், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் ஒளிபுகும் பைக்குள். 2006-இல் லண்டனில் திரவ வெடிப்பொருள் சதி பிடிபட்ட பிறகு வந்த விதி இது. இதில் பலர் ஏமாறுவது ஓர் இடத்தில்: பார்ப்பது குப்பியின் கொள்ளளவை, உள்ளே மீதமிருப்பதை அல்ல. 200 மில்லி பாட்டிலில் கால்வாசிதான் எண்ணெய் என்று வாதாடிப் பயனில்லை. பற்பசை, தேங்காய் எண்ணெய், ஊறுகாய், நெய் எல்லாம் இதில் சேரும். ஏ.சி.யில் தேங்காய் எண்ணெய் உறைந்து கட்டியாகக் கிடந்தாலும் அது திரவம்தான்.

ஷாம்பூவுக்குக் குப்பி எதற்கு? கடலூர் சின்னி கிருஷ்ணன் சாஷே பாக்கெட்டைக் கொண்டுவந்து, தமிழ்நாட்டுப் பெட்டிக்கடை ஒவ்வொன்றிலும் அது சரமாகத் தொங்கப் பல பத்தாண்டு ஆயிற்று. கேபின் பைக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். ஐந்து சாஷே எட்டு நாளுக்குத் தாராளம், தீரத் தீரக் குப்பையில் போய்விடும், எடையும் குறையும். முகத்துக்கும் உடம்புக்கும் கட்டிச் சோப்பு. அது திரவக் கணக்கில் வராது.

குப்பி கசிவதற்குக் காரணம் மூடியின் குறை மட்டும் அல்ல. பறக்கும்போது கேபின் அழுத்தத்தைச் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக வைத்திருப்பார்கள். ஊட்டி 2,240 மீட்டர், அதாவது ஏறக்குறைய 7,350 அடி. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டி போய்ச் சேரும்போது உப்பி நிற்குமே, அதே கதைதான் எண்ணெய்க் குப்பிக்குள்ளும். உள்ளிருக்கும் காற்று விரிந்து எண்ணெயை வெளியே தள்ளுகிறது. ஆகவே பாதி காலியான குப்பிதான் அதிகம் கசியும். கழுத்து வரை நிரப்புங்கள், அல்லது பிளாஸ்டிக் குப்பியை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். வாயில் ஒரு சிறு பாலிதீன் துண்டு வைத்து அதன் மேல் மூடியைத் திருகினால் இன்னும் நல்லது.

மின்சாமான்

போன் சார்ஜர், வயர் 130, பவர் பேங்க் 220, பிளக் அடாப்டர் 60, இயர்போன் 40. சிங்கப்பூர், மலேசியா இரண்டிலும் சதுர முள் மூன்று வைத்த பிரிட்டிஷ் பிளக், 230 வோல்ட். உலகத்துக்கெல்லாம் பொருந்தும் பெரிய அடாப்டர் வேண்டாம், அந்த ஒரே வகை போதும்.

பவர் பேங்க் கையோடுதான் போக வேண்டும், செக்-இன்னில் கூடாது. 100 வாட்-மணி வரை அனுமதி கேட்க வேண்டாம். கணக்கு எளிது: மில்லி ஆம்பியர்-மணியை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 10,000 என்றால் 37. 20,000 என்றால் 74. உடம்பில் அச்சிட்ட எண் அழிந்துபோன பவர் பேங்க்கைப் பாதுகாப்பில் பறித்துவிடலாம், பழையதை எடுத்துப்போகாதீர்கள். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசானில் ஏர் பூசான் விமானம் தரையிலேயே எரிந்த பிறகு பல நிறுவனங்கள் கெடுபிடியைக் கூட்டிவிட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்க்கைப் பயன்படுத்தவோ சார்ஜ் போடவோ விடுவதில்லை. மேல் தட்டில் போட்டுவிடாமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். போனுக்கு வீட்டிலேயே முழுச் சார்ஜ்.

மடிக்கணினி என்றால் 1.4 கிலோ, அதன் சார்ஜர் 300 கிராம். வேலை நிமித்தம் தவிர எடுத்துப்போகத் தகுதியில்லாத சாமான்.

வைக்கக் கூடாதவை

கோயிலுக்குப் போகிறோம் என்று அம்மா எடுத்துவைக்கும் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். கற்பூரம் எளிதில் தீப்பற்றும் திடப்பொருள், விமானத்தில் கூடாது. தீப்பெட்டியும் அப்படியே. கொப்பரை தானே சூடேறித் தீப்பிடிக்கும் வகையில் பட்டியலிடப்பட்டது. முழுத் தேங்காயையும் கேபினுக்குள் விடுவதில்லை; சபரிமலைப் பருவத்தில் இருமுடிக்காக மட்டும் உள்நாட்டில் விலக்குக் கொடுத்தது உண்டு, 2025 ஜனவரி 20 வரை இருந்தது அப்படி ஒன்று. விபூதி, குங்குமம் சிறு டப்பாவில் இருந்தால் தடையில்லை.

பெரியவர்களின் வெற்றிலைப் பையில் பாக்குவெட்டி இருக்கும், பாதுகாப்பில் போய்விடும். அதே பையில் மெல்லும் புகையிலை இருந்தால் அது சிங்கப்பூரில் தடை செய்யப்பட்டது. இது பாக்குவெட்டியை விடப் பெரிய சிக்கல். சூயிங் கம், மின்சிகரெட் இரண்டுக்கும் அங்கே தடை. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவை முன் அனுமதி கேட்கும் வகையில் வரும். மற்ற மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல், டாக்டர் சீட்டோடு வையுங்கள். இரட்டைமுனை பிளேடு கூடாது, கார்ட்ரிட்ஜ் ரேசர் பரவாயில்லை.

கூட்டுத்தொகை

பை 950
மடித்த துணிப்பை (மஞ்சப்பை) 60
துணி 1,520
மடக்குக் குடை 220
ரப்பர் செருப்பு 280
திரவப் பை, சோப்பு, பிரஷ், ரேசர் 500
மருந்து 120
மின்சாமான் 450
பாஸ்போர்ட், அச்சுப் பிரதி, பேனா 120
எள்ளுப்பொடி, முறுக்கு 400
காலி பிளாஸ்டிக் பாட்டில் 30
கயிறு, ஊக்கு 40
துணி சோப்பு 60

மொத்தம் 4,750 கிராம். கிளம்பும்போது 5 கிலோவுக்குள் நிற்க வேண்டும் என்பதுதான் இலக்கு. 7 கிலோவுக்குக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர், திரும்பும்போது ஒரு சாக்லேட் வாங்கினாலும் அதிகப்படிதான்.

இது தாண்டினால் வெட்டும் வரிசை: செருப்பு, டவுசர், முறுக்கு, அரைக்கைச் சட்டை. சட்டைப் பையிலும் பேண்ட் பாக்கெட்டிலும் பவர் பேங்க், சார்ஜர், பொடி என்று திணித்துக்கொண்டு தராசைத் தாண்டுவது பழக்கத்தில் உள்ள வித்தை. நூறு இருநூறு கிராமுக்கு உதவும். ஒரு கிலோவை அப்படிக் கடத்தலாம் என்று திட்டமிட்டால், பாதுகாப்புச் சோதனையில் அத்தனையையும் ட்ரேயில் கொட்டி, மறுபடி பொறுக்கித் திணித்து, பின்னால் நிற்பவர்களின் வசவையும் வாங்க வேண்டும்.

அடுக்கும் ஒழுங்கு

அடியில், முதுகை ஒட்டிக் கைலியும் பேண்ட்டும் தட்டையாக. அதன்மேல் துணி வலைப்பை. கனமான பொடி டப்பா முதுகுப்பக்கம் பாதி உயரத்தில். வெளிப்பக்கம் வைத்தால் பை பின்னால் இழுக்கும். திரவப் பையும் மின்சாமான் பையும் எல்லாவற்றுக்கும் மேலே, ஜிப்பைத் திறந்தால் கையில் வருமாறு. நம் விமான நிலையங்களில் போன், பவர் பேங்க், சார்ஜர் எல்லாவற்றையும் தனி ட்ரேயில் வைக்கச் சொல்வார்கள். அவை ஒரே உறையில் இருந்தால் ஓர் எடுப்பு, ஒரு வைப்பு. குடையும் காலி பாட்டிலும் பக்கப் பாக்கெட்டில்.

காலி பாட்டில் பாதுகாப்பைத் தாண்டும், உள்ளே போய் நிரப்பிக்கொள்ளலாம். சிங்கப்பூர் குழாய்த் தண்ணீரே குடிக்கத் தகுந்தது. ஆனால் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து விமானம் ஏறுகிறவர்கள் கவனிக்க: முதல் மூன்று டெர்மினல்களில் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலில்தான் நடக்கும். உள்ளே கடைத்தெருவில் நிரப்பிய தண்ணீரை அங்கே கொட்டச் சொல்வார்கள்.

நுழைவு அட்டை இரண்டு நாட்டுக்கும் இணையத்தில்தான், வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூரிலிருந்து மலேசியாவுக்குள் நுழையும் ஜோகூர் எல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பையோடு நடந்துபோய் முத்திரை வாங்கி மறுபடி ஏற வேண்டும். அந்த இடத்தில், பெரிய பெட்டியை உருட்டிக்கொண்டு எஸ்கலேட்டர் தேடுகிறவர்களைத் தாண்டி 5 கிலோ பைக்காரர் முன்னால் போய்விடுவார். பஸ் ரொம்ப நேரம் காத்திருக்காது என்பதால் இது சௌகரியம் மட்டும் இல்லை.

திரும்பும் எடை

எட்டாம் நாள் காலைக் கணக்கு: பொடியும் முறுக்கும் தீர்ந்து 400, திரவமும் சோப்பும் கரைந்து 250 குறைந்திருக்கும். 4,750 போய் 4,100. 7,000-இல் மீதி 2,900. தராசு வேற்றுமைக்கு 300 விட்டால் வாங்குவதற்கு 2,600 கிராம். முந்தைய இரவு பருத்தி எதையும் துவைக்காதீர்கள், சரியாகக் காயாத துணிகள் சேர்ந்தால் அரைக் கிலோ வரை கூட்டிவிடும்.

2,600-க்கு மைலோ பானப்பொடி ஒரு கிலோ, சாக்லேட் ஒரு கிலோ, மீதிக்குக் கோடாலித் தைலம். தைலத்தின் பெரிய குப்பியே 56 மில்லிதான், கேபினுக்குள் வரும்; ஆனால் ஒரு லிட்டர் பைக்குள் அடங்க வேண்டும், கண்ணாடி என்பதால் எண்ணெயை விடக் குப்பிதான் கனம். டைகர் பாமும் இதே பைக்குள். மைலோவைப் பிரிக்காத பாக்கெட்டாகவே வையுங்கள், ஸ்கேனரில் பொடியைப் பார்த்து நிறுத்தினால் என்ன பொடி என்ற அச்சு வெளியில் தெரிய வேண்டும். வாங்கியதைப் போட மஞ்சப்பை இருக்கிறது, அது இரண்டாவது உருப்படியாகக் கணக்கில் வரும். கேட்டில் இரண்டையும் சேர்த்துத்தான் தூக்கி வைப்பார்கள்.

திருச்சி விமானங்களில் இன்னொரு எடையும் வரும். விமான நிலையத்தில் யாராவது வந்து, "ஊர்ல தம்பி வந்து வாங்கிக்குவான் சார், சின்னப் பார்சல்தான்" என்பார். குருவி வேலை, அதாவது அடுத்தவர் சாமானைப் பயணி மூலம் கடத்துவது, எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். தெரியாதவர்கள், பை 7 கிலோ நிறைந்துவிட்டது என்று சொல்லி நகர்ந்துவிடலாம்.

2,600-ஐத் தாண்டி வாங்கத்தான் போகிறோம் என்று முன்பே தெரிந்தால், திரும்பும் வழிக்கு மட்டும் செக்-இன் எடையை இணையத்தில் முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். கேட்டில் கட்டும் தொகையை விட அது எப்போதும் குறைவு. கோலாலம்பூரில் ஓர் அட்டைப்பெட்டி வாங்கி, வாங்கிய சாமானையும் ரப்பர் செருப்பையும் அதில் போட்டுக் கட்டினால் போதும். பவர் பேங்க் மட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும்.